படுகைக்குக் குடிபோகாத அம்சம்

மருதங்குடி தெற்குத் தெருவில், அம்சத்துக்குச் சந்தேகம் வராத பொருள் ஒன்றைக் காட்டுகிறவருக்கு ஒரு கவுளி வெற்றிலை தருவதாகச் செல்லதுரை பந்தயம் கட்டியிருந்தான். அந்த வெற்றிலையை யாரும் வாங்கியதில்லை. கடையில் உப்பு வாங்கினால் மணல் கலந்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பாள். மழை பெய்தால் இந்த நேரத்தில் எதற்குப் பெய்கிறது என்பாள். கல்யாணத்தன்று காத்தான் கட்டிய தாலியின் முடிச்சை, மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தவள். இழுவைக்கு முடிச்சு தாங்கியது. காத்தான்தான் கொஞ்சம் அரண்டு போனான்.

வெளியிலிருந்து வந்த எந்தப் பண்டத்தையும் அவள் முதலில் வாயில் வைக்கமாட்டாள். பிரசாதமானாலும் சரி, பலகாரமானாலும் சரி, முதல் விள்ளல் காத்தானுக்கு. அவன் தின்று, முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தால் அப்புறம் இவள் தின்பாள். "காத்தானைக் கட்டிக்கிட்டது புருசனுக்கு இல்ல, ருசி பாக்க" என்று தெருவே சிரிக்கும். காத்தானும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அம்சம் சிரிக்கமாட்டாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். பண்ணை வீட்டு விசேஷத்தில் மீந்துபோன சோற்றைக் கொட்ட மனமில்லாமல் மறுநாள் கூலிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். பிள்ளை ஆசையாக முதல் ஆளாக ஓடிப்போய் வாங்கித் தின்றான். அன்று இரவே வாந்தியெடுத்துச் செத்துப்போனான். சிரிக்கிறவர்கள் யாரும் அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு சிரிக்கவில்லை, பாவம். அதெல்லாம் பழைய கதையாகிவிட்டிருந்தது.

இன்னொரு சங்கதி பழையதாகவில்லை. கீழ்வேளூர்ப் பக்கம் அப்போது எங்கு பார்த்தாலும் கூலிச் சண்டையும் கொடிச் சண்டையும்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில், பக்கத்து ஊர் ஒன்றில், அடிக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஓடிப் பதுங்கியவர்கள் குடிசையோடு எரிந்துபோனார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். அந்த ஊரின் பெயரைத் தெற்குத் தெருவில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அதற்குப் பிறகு அம்சம் மட்டுமல்ல, அந்தத் தெருவில் இருந்த எல்லோருமே கூரையில் புகை தெரிந்தால் எழுந்து நின்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

தெற்குத் தெரு என்பது வயலுக்கு நடுவே மேடாகக் கிடந்த ஒரு திடல். மேடு பண்ணைக்குச் சொந்தம். மேலே நின்ற குடிசைகள் இவர்களுடையவை. பாட்டன் காலத்திலிருந்து அங்கேதான் பிறப்பும் சாவும். ஆனாலும் பண்ணையில் ஒரு வார்த்தை முறைத்துப் பேசினால் மறுநாளே கூரையைப் பிரிக்கச் சொல்லலாம், சொல்லியுமிருக்கிறார்கள். அந்த ஆனி மாதம் ஆட்சியில் இருந்தவர்கள் சட்டம் ஒன்று போட்டார்கள். பண்ணை மண்ணில் குடிசை போட்டுக் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு, குடிசை நிற்கிற மனை அவனுக்கே சொந்தம்.

செல்லதுரை சங்கத்து ஆள். நாலெழுத்துப் படித்தவன். வேப்பமரத்தடியில் தெருவைக் கூட்டி வைத்துச் சட்டத்தை விளக்கினான்.

"இனிமே ஒரு பயலும் நம்மளக் கெளப்ப முடியாது. குடியிருக்கோம், மனை நமக்கு. அவ்வளவுதான்."

"நாம குடியிருக்கோம்னு யாரு சொல்றது?" என்றாள் அம்சம்.

"அதிகாரி வருவாரு. வீடு வீடாப் பாப்பாரு. எழுதிக்கிட்டுப் போவாரு."

"அவரு வர்றப்ப நாம இல்லாட்டி?"

"நாம எங்க அத்தே போவப்போறோம்? சிங்கப்பூருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்சம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனாள். அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

தை பிறந்து அறுவடை முடிந்த கையோடு பண்ணைக் காரியக்காரர் மருதையன், தெருவுக்கு ஏஜெண்டய்யா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். முந்தின தேர்தல் வரைக்கும் கதர் கட்டியவர், இப்போது கருப்பு சிவப்புக் கரை வேட்டிக்கு மாறியிருந்தார். தெருவுக்குள் அவர் வருவதென்றால் யாரையாவது திட்டுவதற்குத்தான். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு வந்தார். அம்சத்துக்குச் சந்தேகம் வர அதுவே போதும்.

வெட்டாற்றங்கரையில் பண்ணைக்கு ஒரு படுகை நிலம் இருந்தது. வெறும் மணல். நெல்லுக்கு ஆகாது. கோடையில் அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுக்கொள்ளலாம், தெற்குத் தெரு மொத்தமும் சேர்ந்து செய்யலாம், பாதி விளைச்சல் உங்களுக்கு என்றார் மருதையன். விற்க வழியில்லாமல் தவிக்க வேண்டாம். கீழ்வேளூர் போகிற ரோட்டில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் தையல் பள்ளிக்குப் பின்னால் டப்பா கம்பெனி வந்திருக்கிறது. கிழங்கை வேகவைத்து டின்னில் அடைத்துப் பட்டாளத்துக்கு அனுப்புகிறார்கள். எவ்வளவு கொண்டுபோனாலும் எடுத்துக்கொள்வார்கள்.

கோடையில் வேலையில்லாமல் நண்டும் நத்தையும் பிடித்துத் தின்கிற ஜனத்துக்கு அவர் சொன்னது தேனாக இருந்தது. காத்தான் முதல் ஆளாகத் தலையாட்டினான்.

"வைக்கோலுக்கே கணக்குப் பாக்குற ஆளு. படுகைய ஏன்யா சும்மா குடுக்குறான்?" என்று அம்சம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"மணலு புள்ள. சும்மா கெடக்குறதக் குடுக்குறாரு."

"அவங்க வூட்டுல சும்மா கெடக்குறது எவ்வளவோ இருக்கு. அதெல்லாம் குடுத்தானா?"

கேட்டாளே தவிர, நட்டதிலிருந்து வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. பசிக்கும் சந்தேகத்துக்கும் அவள் தனித்தனியாகப் படியளப்பாள். மணலை மேடு மேடாகக் கூட்டிப் பார் பிடித்தார்கள். நுனிக்கொடியாகப் பார்த்து நறுக்கி, நிழலில் போட்டு வாடவைத்து, இரண்டு முனையும் மேலே தெரிய நடுவை மண்ணில் புதைத்தார்கள். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். கொடி படர ஆரம்பித்ததும் அம்சத்துக்குப் பிடித்த வேலை வந்தது. சர்க்கரைவள்ளிக் கொடியை அதன் போக்கில் விட்டால் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் போகிற இடமெல்லாம் உட்கார்ந்துவிடும், அடியில் கிழங்கு பெருக்காது. அதனால் கொடியைத் தூக்கித் தூக்கிப் புரட்டிப் போட வேண்டும். "எங்க ஒக்காரப் பாக்குற நீயி?" என்று திட்டிக்கொண்டே புரட்டுவாள். கிழங்கு பெருத்ததும் மேல்மண் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டு இறங்கிக் கிழங்கைக் குடையும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, நறுக்கினால் உள்ளே கசப்பும் ஓட்டையும். அம்சம் ஒரு வெடிப்பு விடாமல் மண் அணைத்தாள்.

டப்பா கம்பெனியையும் அவள் சும்மா விடவில்லை. ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே மேற்பார்வைக்கு இருந்தவள் மரியபுஷ்பம், தரங்கம்பாடிக்காரி. "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றாள். தன்னை ஒருத்தர் 'வாங்க' என்றதும் அம்சம் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக உள்ளே போனாள்.

சிமெண்டுத் தொட்டியில் கிழங்கு கழுவினார்கள். ஆவியில் வேகவைத்து, சூட்டோடு சூடாகத் தோலுரித்து, துண்டு போட்டுத் தகர டின்னில் அடுக்கி, கொதிக்கிற சீனிப்பாகை ஊற்றினார்கள். மூடியைப் போடுவதற்கு முன்னால் டின்னை ஆவிக்குள் விட்டு உள்ளிருக்கும் காற்றை விரட்டினார்கள். ஒரு பெண் கைப்பிடியைச் சுற்றி மெஷினில் மூடியை நெருக்கினாள். அப்புறம் ஆளுயரக் குக்கருக்குள் டின்களை இறக்கித் திருகாணியை முறுக்கினார்கள். கடைசியில் தண்ணீரில் போட்டு ஆறவைத்தார்கள்.

"எங்க கை பட்ட கெழங்கப் பட்டாளத்துல திம்பாங்களா?" என்றாள் அம்சம்.

"டின்னுல யாரு கைன்னு தெரியாதும்மா" என்றாள் மரியபுஷ்பம். அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். அந்தப் பதில் அம்சத்துக்குப் பிடித்திருந்தது.

ஆறின டின்களை உடனே அனுப்பவில்லை. ஒரு தனி அறையில் அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். மரியபுஷ்பம் ஒரு சிறு குச்சியால் ஒவ்வொரு மூடியையும் தட்டிக் காட்டினாள். நல்ல டின்னின் மூடி லேசாக உள்வாங்கியிருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். உள்ளே கெட்டுப்போனால் மூடி வெளியே உப்பிக்கொண்டு வரும், சத்தமும் செத்துப்போகும். உப்பிய டின்னைத் திறந்துகூடப் பார்க்கக் கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

அம்சம் குச்சியை வாங்கி ஒரு வரிசை முழுக்கத் தட்டிப் பார்த்தாள். உலகத்திலேயே தன்னைப் போல யோசிக்கிற ஓர் இடம் இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "மனுசங்களுக்கும் இப்பிடி ஒரு மூடி வச்சிருந்தா நல்லாருக்கும்" என்றாள். திரும்பி வரும்போது மனசு லேசாகியிருந்தது. சரி, டப்பா கம்பெனி உப்பவில்லை. அப்படியானால் உப்பியிருப்பது மருதையன்தான்.

பங்குனிக் கடைசியில் மருதையன் மறுபடி வந்தார். ஆள் மட்டும் வரவில்லை, பின்னால் வண்டி நிறைய தென்னங்கீற்றும் மூங்கிலும் வந்தன. கிழங்கு முற்றுகிற நேரம், பன்றி வாசனை பிடித்துவிடும், ஒரு ராத்திரியில் பாரையே புரட்டிவிடும், எல்லோரும் படுகையில் காவல் குடிசை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கீற்று பண்ணைச் செலவு.

"சட்டி பானையோட போங்க. புள்ளகுட்டிங்களையும் அழைச்சிக்கிட்டுப் போங்க. அங்கயே பொங்கித் தின்னுக்கிட்டு, வெட்டு முடிஞ்சப்பறம் வந்தாப் போதும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பக்கம் கிழங்கு போட்டால் காவலுக்குப் போவது வழக்கம்தான். ஆனால் ஆம்பளைகள் போவார்கள், முறை வைத்துப் போவார்கள்.

"பன்னி வெரட்டப் பானை எதுக்குங்க?" என்றாள் அம்சம்.

மருதையன் முகத்தில் சிரிப்பு ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி ஓடியது. "இது ஒரு பொம்பள" என்று காத்தானைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அந்த ஒரு நொடியை அம்சம் பார்த்துவிட்டாள். டின் மூடி வெளியே வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அன்று பொழுது சாய்ந்து காத்தான் வீட்டுக்கு வந்தபோது சாராய வாடை அடித்தது. போன ஆவணியில்தான் ஊர் ஊருக்குக் கடை திறந்திருந்தார்கள்.

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"ஏஜெண்டய்யா. சும்மா, ஒரு மரியாதைக்கு."

அம்சம் அவன் கட்டைவிரலை இழுத்துப் பிடித்து விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஏதாவது காகிதத்தில் கைநாட்டு வாங்கிவிட்டார்களோ, மையிருக்கிறதா என்று பார்த்தாள். நகத்தைச் சுரண்டினாள். பார்த்துவிட்டு இன்னொரு கையையும் இழுத்தாள்.

காத்தான் கல்லு மாதிரி மனுஷன், லேசில் கோபம் வராது. அன்றைக்கு வந்தது. "இத்தன வருசம் ஒங்கூடப் பொழச்சதுக்கு எங்கையப் புடிச்சி மை தேடுறியா? தம்பி செத்தான்னு நீ எனக்கு மொத வாயி குடுத்தே, சிரிச்சிக்கிட்டுத் தின்னேன். செத்தாலும் பரவால்லன்னுதான் தின்னேன். இது வேற புள்ள. இது என்னத் திருடன்னு சொல்றது."

"நான் அவனத்தான் சந்தேகப்படுறேன்."

"அப்ப அவன் கையப் போய்ப் பாரு."

மறுநாள் தெருவே படுகைக்குக் கிளம்பியது. காத்தானும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். அம்சம் மட்டும் வாசலை விட்டு இறங்கவில்லை. "பாடுபட்ட கெழங்கு வேணாமா ஒனக்கு?" என்று செல்லதுரை கேட்டான். "கெழங்கு அடுத்த வருசமும் வெளையும். மனை வெளையாது" என்றாள். செல்லதுரை கொஞ்சம் யோசித்தான். ஆனால் அவன் பெண்டாட்டி அதற்குள் பானையைத் தலையில் தூக்கிவிட்டாள், அவனும் போனான். காத்தான் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவளும் இரண்டு நாய்களும்தான். விடிந்ததும் தன் வாசலுக்குச் சாணி தெளித்தவள், அப்படியே பக்கத்து வாசலுக்கும் தெளித்தாள். பிறகு அதற்கடுத்த வாசலுக்கும். ஆள் இல்லாத வீட்டின் முற்றத்தில் சருகு சேர்ந்தால் அது ஒன்றே சாட்சியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. தினமும் ஒன்றிரண்டு வீட்டு அடுப்பையும் மூட்டிவிட்டு வருவாள். கூரைக்கு மேல் புகை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சேதி படுகைக்குப் போயிற்று. எதிர்வீட்டுக் காளியம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"எங்க வூட்டு அடுப்புல ஒனக்கு என்ன வேல? எங்க கொல்லையில ஒரு கோழியக் காணும் தெரியுமா?"

வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்டவளை ஊர் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தது. அம்சத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. "கோழி நாளைக்கு வரும்" என்று மட்டும் சொன்னாள். காளியம்மாள் தன் வீட்டுப் படலை இழுத்துச் சாத்தி, கயிற்றில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுவிட்டுப் போனாள். கோழி அன்று சாயங்காலமே வந்தது. ஆனால் அதைச் சொல்ல ஆளில்லை. மனசு விட்டு அழுதாள் அம்சம். நாய்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

சித்திரையில் வெட்டு ஆரம்பித்தது. ஒரு கிழங்கை நறுக்கி வெட்டுவாயைக் காற்றில் காட்டுவார்கள். கறுத்துப் பச்சையோடினால் இன்னும் முற்றவில்லை. வெள்ளையாகக் காய்ந்தால் வெட்டலாம். வெள்ளையாகக் காய்ந்தது என்று செல்லதுரை ஆள் அனுப்பினான், வெட்டுக்காவது வரச்சொல்லி. அவள் போகவில்லை. அறுத்த கொடியை ஆட்டுக்கென்று கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து தெருக்கோடியில் போட்டுவிட்டுப் போனார்கள். கொண்டுவந்தவர்களில் காத்தானும் ஒருநாள் இருந்தான். அவளைப் பார்த்தான், இவள் சாப்பிட்டிருக்கிறாளா என்று பார்ப்பது போலப் பார்த்தான். கட்டை இறக்கிப் போட்டுவிட்டுப் போனான்.

வெட்டு மும்முரமாக நடந்த ஒரு பிற்பகல். கோடையில் அந்தப் பக்கம் வயலெல்லாம் மொட்டையாகக் கிடக்கும், ரோட்டிலிருந்து ஆள் இறங்கினால் தெருவிலிருந்தே தெரியும். ஜீப் ஒன்று மதகடியில் நின்றது. அதிலிருந்து கறுப்புக் குடை ஒன்று விரிந்தது. குடைக்குப் பக்கத்தில் கருப்பு சிவப்புக் கரை வேட்டி. வரப்பில் இரண்டும் நடந்து வந்தன.

எல்லோரையும் கூட்டிவர நேரமில்லை. படுகைக்கு ஓடிப்போய்த் திரும்புவதற்குள் அதிகாரி பார்த்துவிட்டுப் போய்விடுவார். அம்சம் தன் அடுப்பிலிருந்து ஓட்டுத்துண்டில் நெருப்பை அள்ளிக்கொண்டு வீடு வீடாக ஓடினாள். காளியம்மாள் போட்ட முடிச்சுகள் அவிழவில்லை, அரிவாளால் அறுத்தாள். விறகு தேட நேரமேது? தெருக்கோடியில் கிடந்த கொடிக்கட்டுகளைப் பிய்த்து அடுப்புகளில் திணித்தாள். பாதி காய்ந்த சர்க்கரைவள்ளிக் கொடி எரியாது, புகையும். கீற்று இடுக்கெல்லாம் வழிந்து எல்லாக் கூரைக்கும் மேல் வெள்ளையாகப் புகை கிளம்பியது.

குடையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் வருவாய் ஆய்வாளர். நடு வயது, வெயிலில் முகம் சிவந்திருந்தது. தெருவைப் பார்த்தார்.

"ஆளில்லன்னீங்க. எல்லா வீட்டுலயும் சமையல் நடக்குதே?" என்றார் மருதையனிடம்.

மருதையன் ஒரு படலைத் தள்ளி உள்ளே காட்டினார். அடுப்பில் கொடி புகைந்தது. மேலே பானை இல்லை. "இந்தப் பொம்பளையோட வேலைங்க சார். எல்லாம் படுகைக்குக் குடிபோயி மாசமாச்சு. அங்கயே குடிசை போட்டுக்கிட்டாங்க. இங்க இருக்கறது இவ ஒருத்திதான். இவளும் நாளைக்குப் போயிருவா."

ஆய்வாளர் அம்சத்தைப் பார்த்தார். "ஏம்மா, எல்லா அடுப்பையும் நீதான் மூட்டினியா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கை முழுக்கக் கரி. "ஆமாங்க" என்றாள். அத்தனை நாள் தெளித்த வாசலெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது என்று நினைத்தாள்.

அப்போதுதான் கிழக்கே படுகைப் பக்கமிருந்து பெருங்கூச்சல் கேட்டது.

படுகையில் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு கூரையில் புகை வந்தால் சமையல். எல்லாக் கூரையிலும் ஒரே நேரத்தில் புகை வந்தால் அதற்கு அந்த ஜனத்துக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். மூன்று வருஷமாக அந்தப் புகைக்காகத்தான் அவர்கள் தூக்கத்தில்கூடக் காத்திருந்தார்கள். "கொளுத்திட்டானுவோ" என்று யாரோ கத்த, மண்வெட்டியைப் போட்டது போட்டபடி, கிழங்கைக் குவித்தது குவித்தபடி, ஊற்றில் நின்ற குடத்தைத் தூக்கிக்கொண்டு மொத்த ஜனமும் ஓடிவந்தது.

குடையையும் யாரும் பார்க்கவில்லை, வேட்டியையும் பார்க்கவில்லை. அவரவர் அவரவர் வீட்டுக்குள் பாய்ந்தார்கள். செல்லதுரை சங்கக் கொடியையும் அப்பன் படத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். காளியம்மாள் குடத்துத் தண்ணீரை அடுப்பில் கொட்டிவிட்டு, நெல் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ஓலமிட்டாள். பிறகுதான் நெருப்பு எதுவும் இல்லை என்று ஒவ்வொருவராகத் தெரிந்துகொண்டு, மூச்சு வாங்க, தங்கள் தங்கள் வாசலில் நின்றார்கள்.

"சார், இது நாடகம் சார்" என்றார் மருதையன்.

ஆய்வாளர் குடையை மடக்கினார். அவரும் அந்த வட்டாரத்தில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்தவர் போலும், முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. "தீன்னு ஓடி வர்றவன் அடுத்தவன் வீட்டுக்குள்ளயா மொதல்ல போவான்? யாரு வீடு எதுன்னு நான் இப்ப கண்ணால பாத்துட்டேன். எனக்கு வேற சாட்சி வேணாம்யா." முதல் வாசலுக்குப் போய்ப் பெயர் கேட்டு எழுத ஆரம்பித்தார்.

அம்சம் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், காத்தான் வரவில்லை. அவன் ஓடி வந்ததையும் அவர்கள் குடிசைக்குள் நுழைந்ததையும் அவள் பார்த்திருந்தாள். அந்த அடுப்பில்தான் கொடி அதிகம். அவள் உள்ளே குனிய, அவன் கண் தெரியாமல் வெளியே வர, வாசலில் இருவர் தலையும் முட்டிக்கொண்டன. வயிறு எக்கி எக்கி இருமினான். கண் சிவந்து வழிந்தது.

"எதுக்கு இவ்ளோ நேரம் உள்ள? பொட்டியத் தேடுனியா?" என்றாள். அப்போதும் அவளுக்குக் கேள்விதான் வந்தது.

காத்தான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். வெறும் கை. தரையைத் தடவித் தடவித் தேடியதில் பத்து விரலிலும் சாம்பல் அப்பியிருந்தது. கட்டைவிரல் இரண்டும் கறுத்திருந்தன.

"ஒன்னத்தான்டி தேடுனேன்" என்றான்.

ஆய்வாளர் அவர்கள் வாசலுக்கு வந்தார். "இது யாரு வீடு?"

இருமலுக்கு நடுவே காத்தான் அம்சத்தைக் கைகாட்டினான். "இவ வூடுங்க. அம்சம்னு எழுதிக்கிடுங்க." எழுதியதைச் செல்லதுரை மூன்று தரம் படித்துக் காட்டிய பிறகுதான் அவள் கைநாட்டு வைத்தாள்.

திரும்பிப் போனபோது படுகையில் பாதி கிழங்கு இல்லை. ஆளில்லாத நேரத்தில் மாடு இறங்கி மிதித்துத் தின்றிருந்தது. யார் மாடு என்பதில் அம்சத்துக்கு ஒரு சந்தேகம் உண்டு, கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். மிச்சத்தை வண்டியில் ஏற்றி டப்பா கம்பெனிக்குக் கொண்டுபோனார்கள். காளியம்மாள் கோழிமுட்டை கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆடியில் மரியபுஷ்பம் தெருவுக்கு வந்து வீட்டுக்கு ஒரு டின் கொடுத்தாள், அவர்கள் கிழங்கிலிருந்து போட்டது. அம்சம் அதைச் சுவர்ப் பிறையில் வைத்துத் தினமும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைப் பட்டா கைக்கு வந்த அன்று இறக்கினாள். மூடி உள்வாங்கியிருந்தது, கணீரென்று கேட்டது. அரிவாள் முனையால் குத்தித் திறந்தாள். காத்தான் வழக்கம்போல எதிரே வந்து உட்கார்ந்து கையை நீட்டினான்.

அம்சம் கொடுக்கவில்லை. முதல் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கினாள். சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகு டின்னை அவன் பக்கம் தள்ளினாள்.

"இப்பத் தின்னு" என்றாள்.